புயல் எச்சரிக்கையும் வீட்டு வானொலியும்

(கடலோர மாவட்ட அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



புயலைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் வேகத்தையும் அது விளைவிக்கும் அழிவையும் குறித்தே பேசுகிறோம். புயலின் வருகையை முன்கூட்டியே கண்டறியும் விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதையும் பெருமையோடு குறிப்பிடுகிறோம். ஆனால், கண்டறிந்த செய்தி கடற்கரையிலுள்ள ஒரு வீட்டுக்குள் எவ்வாறு போய்ச் சேருகிறது, அங்கே அதை யார் கேட்கிறார், கேட்டவர் என்ன செய்கிறார் என்பவற்றைப் பற்றி நாம் பேசுவது குறைவு. இன்று அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்றை வீட்டில் எவ்வாறு ஆயத்தமாக வைத்திருப்பது, ஆபத்துக் காலத்தில் அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே என் பேச்சின் பொருள்.

இது மிகச் சிறிய பொருள் என்று சிலருக்குத் தோன்றலாம். கைப்பேசியும் தொலைக்காட்சியும் எங்கும் பரவிவிட்ட இந்நாளில் வானொலிப் பெட்டி எதற்கு என்ற ஐயமும் எழலாம். நம் நாட்டுக் கடற்கரை கண்ட சில புயல்களை நினைவுபடுத்திக்கொண்டால் அந்த ஐயம் தீரும்.

எச்சரிக்கை வளர்ந்த வரலாறு

1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. அடுத்த மாதத்தின் தொடக்கத்திலேயே மற்றொரு புயல் மச்சிலிப்பட்டினத்தை அழித்தது. இவ்விரு பேரழிவுகளும் அன்றைய ஆட்சியினரைச் சிந்திக்க வைத்தன. 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு தொடங்கிற்று. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. தொடக்க காலத்தில் எச்சரிக்கைகள் கப்பல்களையும் துறைமுகங்களையும் கருதியே வெளியிடப்பட்டன. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் அக்காலத்தின் தொடர்ச்சியே ஆகும். கரையில் வாழும் பொதுமக்களை எச்சரிக்கை நேரடியாக எட்டுவதற்கு வானொலி வர வேண்டியிருந்தது.

ஆனால், வானொலி வந்த பின்னரும் உயிரிழப்பு குறைந்துவிடவில்லை. 1971ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒரிசாவின் பாரதீப் அருகே கரை கடந்த புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 1977ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரத்தின் கிருஷ்ணா ஆற்றுப் படுகையைத் தாக்கிய புயலில், ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்துக்கு எழுந்த கடல்நீர் திவிசீமைப் பகுதியினுள் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் பாய்ந்தது. அங்கும் ஏறத்தாழ 10,000 உயிர்கள் பலியாயின. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போய், மாநிலத் தலைநகரான புவனேசுவரமே வெளித் தொடர்பை இழந்தது. அப்போதும் உயிரிழப்பு 10,000ஐ நெருங்கியது.

இவற்றோடு 2019ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பூரி நகருக்கு அருகே கரை கடந்த ஃபானி புயலை ஒப்பிட்டுப் பாருங்கள். அம்முறை ஒடிசா அரசு ஏறத்தாழ 12 இலட்சம் மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தியது. இறந்தோர் தொகை 64. இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல: முன்னறிவிப்பில் ஏற்பட்ட துல்லியம், புயல் பாதுகாப்பு மையங்கள், 1999க்குப் பின் அமைக்கப்பட்ட மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்பு, பயிற்சி பெற்ற தொண்டர்கள், கடற்கரையில் 122 இடங்களில் நிறுவப்பட்ட அபாயச் சங்குக் கோபுரங்கள். செய்தி வீடு வரை சென்றது. சென்ற செய்திக்கு மக்கள் செவி சாய்த்தனர்.

எனினும், அதே ஃபானி நமக்கு இன்னொன்றையும் கற்பித்தது. கரை கடந்த சில மணி நேரத்திற்குள் பூரியிலும் புவனேசுவரத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. பல பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. புயலுக்கு முன்பு செய்திகளால் நிறைந்திருந்த வீடுகள், புயலுக்குப் பின்பு ஓசையற்றுப் போயின.

ஒரு குடும்பத்துக்குச் செய்தி மூன்று வேளைகளில் தேவைப்படுகிறது. வீட்டை விட்டு எப்போது புறப்பட வேண்டும் என்பதை அறியப் புயலுக்கு முன்பு தேவை. வெளியே வரலாமா என்பதை அறியப் புயலின்போது தேவை. குடிநீர் எங்கே கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது, மருத்துவ உதவி எங்கே என்பவற்றை அறியப் புயலுக்குப் பின்பு தேவை. முதல் வேளையில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் உதவும். மற்ற இரண்டு வேளைகளிலும், மின்கம்பியையும் அருகிலுள்ள கோபுரத்தையும் நம்பியிராத ஒரு கருவி வேண்டும். ஒலிபரப்பு நிலையம் தொலைவில் இருந்தாலும், தன் மின்கலத்தைக் கொண்டே அதைக் கேட்கக்கூடிய வானொலிப் பெட்டி அத்தகைய கருவியாகும்.

தானே விழித்தெழும் கருவிகள்

வானொலிக்கு ஒரு குறை உண்டு. பெட்டி மூடிக் கிடந்தால் அது தானாகப் பேசாது. நள்ளிரவில் வெளியாகும் எச்சரிக்கை, உறங்கும் குடும்பத்தை எழுப்பாது. இக்குறையை நீக்கப் பல நாடுகள் முயன்றுள்ளன. அமெரிக்காவில் வானிலைச் செய்திக்கென்றே தனி அலைவரிசைகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகளும் உள்ளன. எச்சரிக்கை வெளியாகும்போது ஒரு குறிப்பொலி அனுப்பப்படும்; வீட்டில் அமைதியாக இருக்கும் தனிவகைப் பெட்டி அதனை உணர்ந்து தானே ஒலிக்கத் தொடங்கும். எந்த வட்டாரத்துக்கான எச்சரிக்கைக்கு மட்டும் ஒலிக்க வேண்டும் என்பதையும் முன்னரே பதித்து வைக்கலாம்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. 1983இல் ஏவப்பட்ட இன்சாட் 1பி செயற்கைக்கோளைப் பயன்படுத்தி, 1980களிலேயே நம் நாடு இத்தகைய ஏற்பாடொன்றைச் செய்தது. சென்னையிலுள்ள வட்டாரப் புயல் எச்சரிக்கை மையத்திலிருந்து வட்டார மொழியில் அனுப்பப்படும் செய்தி, செயற்கைக்கோள் வழியாகக் கடலோரத்தில் நிறுவப்பட்ட தனிவகை ஏற்பிகளைச் சென்றடைந்தது. எந்த மாவட்டத்துக்கான செய்தியோ அந்த மாவட்டத்து ஏற்பிகள் மட்டும் விழித்து, முதலில் சங்கொலி எழுப்பி, பிறகு செய்தியை உரைத்தன. 1990ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அதே கிருஷ்ணாப் படுகையை மீண்டும் ஒரு கடும்புயல் தாக்கியபோது இந்த ஏற்பிகள் பயன்பட்டன. அம்முறை உயிரிழப்பு ஆயிரத்துக்குள் நின்றது. ஆனால், அந்த ஏற்பிகள் அரசு அலுவலகங்களிலும் பொது இடங்களிலுமே வைக்கப்பட்டன. வீடுகளுக்கு அவை வரவில்லை.

இன்று அப்பணியைக் கைப்பேசி ஓரளவு ஏற்றுள்ளது. ஒரு குறிப்பிட்ட பகுதியிலுள்ள கைப்பேசிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் உரத்த ஒலியெழுப்பி எச்சரிக்கையைக் காட்டும் முறை, 2023இல் மாநிலந்தோறும் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. இது மிகவும் வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆயினும், கோபுரம் நிற்கும் வரையிலும் கைப்பேசியில் மின்னேற்றம் உள்ள வரையிலுமே அது உதவும். ஆகவே, உறக்கத்திலிருந்து எழுப்பும் மணியாகக் கைப்பேசியையும், தொடர்ந்து கேட்கும் செவியாக வானொலியையும் வைத்துக்கொள்வதே நம் கடலோரக் குடும்பங்களுக்கு ஏற்றதாகும்.

பெட்டியை ஆயத்தம் செய்தல்

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையோ அழகையோ கருத வேண்டியதில்லை. அது உலர் மின்கலத்தில் இயங்க வேண்டும். உள்ளூர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் அளவுள்ள மின்கலமாக அது இருக்க வேண்டும். மத்திய அலை, பண்பலை ஆகிய இரண்டையும் ஏற்க வேண்டும். கைப்பிடியைச் சுழற்றியோ சூரிய ஒளியாலோ மின்னேற்றம் பெறும் பெட்டிகளும் உண்டு. அவை நல்லவையே, ஆனால் இன்றியமையாதவை அல்ல.

இரண்டு அலைகளும் ஏன் வேண்டும் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மத்திய அலை பூமியின் மேற்பரப்பை ஒட்டி நெடுந்தூரம் செல்லக்கூடியது. இரவில் மேல்வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவில் கேட்கும். ஆனால், மின்னல் அடிக்கும்போது அதில் கரகரப்பு மிகும். பண்பலை தெளிவாகக் கேட்கும். எனினும், ஒலிபரப்பு கோபுரத்திலிருந்து சில பத்துக் கிலோமீட்டர்களுக்கு மேல் செல்வது அரிது. கடந்த சில ஆண்டுகளில் ஆகாசவாணியின் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல நிறுத்தப்பட்டு, பண்பலை விரிவாக்கப்பட்டு வருகிறது. எனவே, முன்பு எங்கள் வீட்டில் இந்த நிலையம் கேட்கும் என்ற பழைய நினைவை நம்பியிருத்தல் ஆகாது. பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் முள்ளைத் திருப்பிப் பார்த்து, நம் மொழியில் செய்தி தரும் நிலையங்கள் எந்த எண்களில் தெளிவாகக் கேட்கின்றன என்பதைக் கண்டறிய வேண்டும். அவற்றில் இரண்டையாவது ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். இருளில், பதற்றத்தில், வீட்டிலுள்ள சிறுவனும் அந்நிலையத்தைப் பிடிக்க முடிய வேண்டும்.

மத்திய அலைக்கான வானலைவாங்கி பெட்டியினுள்ளே கிடைநிலையில் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே, பெட்டியை மெல்லத் திருப்பி, ஒலி மிகுதியாகும் திசையைக் கண்டுகொள்ளலாம். பண்பலைக்கு வெளியே நீட்டும் கம்பியே வானலைவாங்கி. கூரையில் தனிக்கம்பி கட்டியிருப்போர், இடிமின்னலின்போது அதனைப் பெட்டியிலிருந்து அகற்றிவிட வேண்டும்.

மின்கலங்களைப் பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அவை கசிந்து, உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும். கடற்காற்றில் இது விரைவில் நேரும். எனவே, பயன்படுத்தாத காலத்தில் அவற்றை வெளியே எடுத்து, ஈரம் புகாத உறையிலிட்டுப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள். மாற்று இணை ஒன்றும் இருக்கட்டும். பழைய மின்கலத்தையும் புதியதையும் கலந்து போடலாகாது. பெட்டி இருக்கும் இடம் வெள்ளநீர் எட்டாத உயரத்தில், வீட்டார் அனைவரும் அறிந்த இடமாக இருக்க வேண்டும். புயல் நாளில் பெட்டியைப் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு வாயைக் கட்டிவிட்டால் மழைநீர் புகாது. பையின் ஊடாகவே ஒலியைக் கேட்கவும் இயலும்.

நம் கடல்களில் புயல்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் தோன்றுகின்றன. இவ்விரு பருவங்களுக்கு முன்பும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பெட்டியையும் மின்கலங்களையும் சோதித்தால் போதும். அரை மணி நேரத்தில் முடியும் வேலை இது.

கேட்கும் முறை

வானிலை ஆய்வுத் துறை புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களாக வெளியிடுகிறது. கடற்கரையில் மோசமான வானிலை தொடங்குவதற்கு ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பு வருவது முன்னோடிக் கண்காணிப்புச் செய்தி. 48 மணி நேரம் முன்பு வருவது மஞ்சள் வண்ணத்தால் குறிக்கப்படும் உஷார் செய்தி. 24 மணி நேரம் முன்பு வருவது ஆரஞ்சு வண்ண எச்சரிக்கை. ஏறத்தாழ 12 மணி நேரம் முன்பு வெளியாகும் சிவப்பு வண்ணச் செய்தி, கரை கடந்த பின் உள்நாட்டில் நிகழக்கூடியவற்றையும் கூறும். காற்றின் வேகம் மணிக்கு 34 கடல் மைலை, அதாவது ஏறத்தாழ 63 கிலோமீட்டரை எட்டும்போதுதான் அது புயல் எனப்படுகிறது. 64 கடல் மைலை, அதாவது ஏறத்தாழ 118 கிலோமீட்டரை எட்டினால் அது மிகத் தீவிரப் புயல்.

முதற்கட்டத்தில் ஒரு நாளைக்குச் சில முறை செய்தி கேட்டால் போதுமானது. மஞ்சள் நிலையில் வேளைகளை வரையறுத்துக்கொண்டு கேட்க வேண்டும். ஆரஞ்சு நிலையில் மணிக்கொரு முறையும், சிவப்பு நிலையில் இடைவிடாமலும் கேட்க வேண்டும். இரவில் வீட்டார் முறைவைத்து விழித்திருப்பது நல்லது. ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டால் மின்கலம் நீண்ட நாள் வரும்.

கேட்பதோடு நில்லாமல் எழுதிக்கொள்ளவும் வேண்டும். செய்தி வெளியான நேரம், புயல் மையம் எந்த ஊரிலிருந்து எத்திசையில் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, எத்திசையில் நகர்கிறது, எங்கே எப்போது கரை கடக்கும், கடல்நீர் வழக்கமான அலை ஏற்றத்துக்கு மேல் எத்தனை மீட்டர் உயரும், எவ்வூர் மக்கள் வெளியேற வேண்டும் என்ற ஆறு விவரங்களும் போதும். சுவரில் தொங்கும் நாட்காட்டியின் பின்புறத்திலேயே இவற்றைக் குறிக்கலாம். இரண்டு செய்திகளை ஒப்பிட்டால் புயல் விரைகிறதா, தயங்குகிறதா, திசை மாறுகிறதா என்பது விளங்கும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். புயல் 300 கிலோமீட்டர் தொலைவில் இருந்து, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது எனில், அது வந்து சேர 20 மணி நேரம் ஆகும். ஆனால், புறப்படுவதற்கு நமக்கு 20 மணி நேரம் இருப்பதாகக் கொள்ளலாகாது. அந்தக் கணக்கு புயலின் மையத்துக்கு உரியது. மையம் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே சூறைக்காற்று வீசத் தொடங்கும், மரங்கள் சாயும், தாழ்வான சாலைகளில் நீர் ஏறும். முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்கள் பகல் வெளிச்சத்திலேயே புறப்பட்டுவிட வேண்டும். மேலும், கரை கடக்கும் இடம் தம் ஊரன்று என்பதால் ஆபத்து இல்லையென்று எண்ணுதலும் தவறு. நம் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி வரும் புயலில், கடல்நீரின் எழுச்சி கரை கடக்கும் இடத்துக்கு வடபுறத்திலேயே மிகுதியாக இருப்பது வழக்கம்.

புயலின் கண் பகுதி ஓர் ஊரின் மீது கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். சில நிமிடங்களோ, ஒரு மணி நேரமோ அந்த அமைதி நீடிக்கலாம். புயல் முடிந்தது என்று நம்பி வெளியே வருவோர், எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்துடன் மீண்டும் வீசும் காற்றில் அகப்பட்டுக்கொள்கின்றனர். வெளியே வரலாமா என்ற வினாவுக்கு விடையைச் சன்னலுக்கு வெளியே தேடக் கூடாது. வானொலியில்தான் கேட்க வேண்டும்.

கேட்டதைப் பகிர்தல்

ஒரு தெருவில் ஒரு வீட்டில் வானொலி ஒலித்தாலும் அது தெரு முழுவதற்கும் பயன்பட வேண்டும். அண்டை நாடான வங்காள தேசத்தில், 1970ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட புயலுக்குப் பின்னர், அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து தொண்டர் படை ஒன்றை அமைத்தன. டிரான்சிஸ்டர் வானொலியில் செய்தி கேட்டு, கொடியேற்றி, கையொலிபெருக்கியில் ஊருக்கு அறிவிப்பதே அவர்களின் பணி. நம் ஊர்களிலும் பள்ளி மாணவர்கள் இதனைச் செய்யலாம். காது கேளாதோர், தனித்து வாழும் முதியோர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து உள்ளூர் மொழி அறியாதோர் ஆகியோரிடம் நேரில் சென்று சொல்ல வேண்டும். வானொலியில் கேட்டதை மட்டும், கேட்ட நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வதந்திக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

கடலில் இருப்போரின் நிலை வேறு. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி, கேரளக் கடற்கரைகளிலிருந்து பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்களுக்குக் கைப்பேசி எட்டவில்லை. அதன் பின்னர், நம் செயற்கைக்கோள்கள் வழியே ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறும் ‘ஜெமினி’ கருவி 2019இல் அறிமுகம் செய்யப்பட்டது. அத்தகைய கருவி படகில் இருந்தாலும் வானொலிப் பெட்டியும் உடனிருப்பதே முன்னெச்சரிக்கையாகும்.

அலுவலர்கள் செய்ய வேண்டியவை

இறுதியாக, அலுவலர்களுக்குச் சில சொற்கள். ஒவ்வொரு கடலோர ஊராட்சியிலும் இயங்கும் நிலையிலுள்ள வானொலிப் பெட்டிகள் எத்தனை, எந்த வீடுகளில் உள்ளன என்ற பட்டியல் இருக்க வேண்டும். எந்த நிலையம் எந்த ஊரில் கேட்கிறது என்பதும் அதில் குறிக்கப்பட வேண்டும். எந்நிலையமும் கேட்காத ஊர்கள் தென்பட்டால், அங்கே வேறு ஏற்பாடு செய்வது நம் கடமை. பாதுகாப்பு மையங்களில் அரிசியும் விளக்கும் சேமிப்பதுபோல, ஒரு பெட்டியும் மின்கலங்களும் சேமிக்கப்பட வேண்டும். ஒத்திகை நாளில் மின்சாரத்தையும் கைப்பேசியையும் இல்லையெனக் கொண்டு, வானொலியால் மட்டும் செய்தி எத்தனை வீடுகளை அடைகிறது என்று சோதிக்க வேண்டும். ஒலிபரப்புக்காக நாம் எழுதித் தரும் அறிவிப்பு, மக்கள் பேசும் சொற்களில், ஊர்ப் பெயர்களோடும் நேரத்தோடும் அமைய வேண்டும்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளில் எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேராபத்தைக் குறிப்பன என்பதை நாம் அறிவோம். அதற்கும் மேலே பதினொன்றாம் எண் ஒன்று உண்டு. அது காற்றின் வேகத்தைக் குறிப்பதன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அற்றுப்போய்விட்டது என்பதையும், கொடும்புயல் வருவதாகத் துறைமுக அலுவலர் கருதுகிறார் என்பதையும் குறிப்பது. தொடர்பு அறுவதையே மிக உயர்ந்த அபாயமாக வைத்த முன்னோரின் அறிவு போற்றத்தக்கது. துறைமுகத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒவ்வொரு கடலோர வீட்டுக்கும் பொருந்தும். எந்த வீடும் அந்நிலைக்கு ஆளாகாதபடி காப்பதற்கு நாம் செய்யவேண்டிய செலவு ஒரு சிறு பெட்டியும் சில மின்கலங்களுமே. வரும் பருவத்துக்கு முன்பாக உங்கள் பொறுப்பிலுள்ள ஊர்களில் இதனைச் செய்து முடிக்குமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.